ஜாங்கோ செயலிக்கு மேம்பாட்டுச் சூழல்: முழு விஎம்மா, டாக்கரா, வெறும் வீஎன்வ் போதுமா?

தாழம்பூ27

வணக்கம். ஆறு பேர் சேர்ந்து ஒரு வலைச் செயலி எழுதப் போகிறோம். பைத்தான் 3.12, அதன் வலைச் சட்டகமான ஜாங்கோ 5.2, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 16, ரெடிஸ், பின்னணி வேலைகளுக்கு செலரி. முன்பக்கம் ரியாக்ட், வீட் (Vite) என்ற பில்ட் கருவி வைத்து. சர்வர் உபுண்டு 24.04. மடிக்கணினிகள்: விண்டோஸ் 11 மூன்று (இரண்டில் 8 ஜிபி ரேம்தான்), உபுண்டு இரண்டு, எம்2 மேக் ஒன்று.

புதிதாக ஒருவர் சேர்ந்தால் ரெப்போவை இறக்கி அரை மணி நேரத்தில் செயலி ஓட வேண்டும். வேக்ரண்ட் (முழு மெய்நிகர் கணினி, அதாவது விஎம்), டாக்கர் கம்போஸ் (ஒவ்வொரு சேவையும் தனித்தனி கன்டெய்னரில்), ஆளுக்கொரு வீஎன்வ் (பைத்தான் நூலகங்களுக்கு மட்டும் தனி ஃபோல்டர்) என்று மூன்று வழிகள் தெரிகின்றன. எது, ஏன் என்று சொல்லுங்கள். "எங்களுக்கு இது ஒத்து வந்தது" என்பது மட்டும் வேண்டாம்.

வடகரை

முழு விஎம். சர்வரில் கன்டெய்னர் ஓட்டப் போவதில்லை என்றால் இதில் யோசிக்க எதுவுமில்லை. சர்வரில் இருப்பது உபுண்டு, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, வலை சர்வர் என்ஜின்எக்ஸ், ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன். அதே நான்கும் மடிக்கணினியிலும் இருந்தால்தான் செலரியின் யூனிட் கோப்பு, லாக் சுழற்சி, கோப்பு அனுமதிகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதிக்க முடியும்.

செய்முறை:

வர்ச்சுவல்பாக்ஸ், வேக்ரண்ட் இரண்டையும் நிறுவுங்கள். விண்டோஸில் முதலில் பயோஸுக்குப் போய் விடி-எக்ஸ் (ஏஎம்டி என்றால் எஸ்விஎம்) இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். பெட்டியாக (தயார் நிலை விஎம் இமேஜ்) பென்ட்டோ குழுவின் உபுண்டு 24.04 எடுங்கள், 24.04 முதல் கனானிக்கல் தானே வேக்ரண்ட் பெட்டி வெளியிடுவதில்லை. வேக்ரண்ட்ஃபைலில் ரேம் 2048 எம்பி, சிபியு 2, தனி ஐபி 192.168.56.10, உள்ளே 8000 வெளியே 8000 என்று போர்ட்.

ஐபியில் கவனம். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் 192.168.33.10 என்றிருக்கும். வர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28-க்குப் பிறகு லினக்ஸிலும் மேக்கிலும் 192.168.56.0/21 என்ற வரம்புக்கு வெளியே இருக்கும் ஐபியை அது ஏற்காது.

நிறுவல் ஸ்கிரிப்டில் ஏப்ட் வழியாக பைத்தான்3-வீஎன்வ், பைத்தான்3-டெவ், லிப்பிக்யூ-டெவ், பில்ட்-எசென்ஷியல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், ரெடிஸ்-சர்வர். உபுண்டு 24.04-இன் இயல்பான பைத்தான் 3.12, போஸ்ட்கிரெஸ் 16. நீங்கள் கேட்ட பதிப்புகள் அப்படியே வருகின்றன, வெளி ரெப்போ எதுவும் வேண்டாம். அதன் பிறகு வேலை "வேக்ரண்ட் அப்", "வேக்ரண்ட் எஸ்எஸ்எச்" என்ற இரண்டு கட்டளைகள்தான்.

இரண்டு இடத்தில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். ஜாங்கோவின் ரன்சர்வர் இயல்பாக 127.0.0.1-இல் மட்டும் கேட்கும். அது விஎம்முக்கு உள்ளே இருக்கும் 127.0.0.1. வெளியிலிருந்து பார்க்க 0.0.0.0:8000 என்று கொடுத்து ஓட்ட வேண்டும். அடுத்து, 192.168.56.10 என்று உலாவியில் திறந்தால் "டிஸ்அலவ்டு ஹோஸ்ட்" பிழை வரும்; அந்த ஐபியை அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் சேருங்கள். டீபக் ட்ரூ என்று இருந்தாலும் தானாக அனுமதிக்கப்படுவது லோக்கல்ஹோஸ்ட் வகையறா மட்டுமே.

நீலவானம்

வடகரை சார், மரியாதையா சொல்றேன், இது பத்து வருஷத்துக்கு முன்னாடி சரியான பதில்.

மூணு ஓட்டை இருக்கு. முதல்ல ரேம். 8 ஜிபி விண்டோஸ் மடிக்கணினில 2 ஜிபியை விஎம்முக்குத் தனியா ஒதுக்கிட்டா, மிச்சத்துல விண்டோஸ், குரோம், எடிட்டர் மூணும் அடிச்சுக்கணும். அந்த 2 ஜிபிக்குள்ளயே போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், செலரி, நோடு எல்லாம் இருக்கணும். நோடு பில்ட் ஓடும்போது உள்ள மெமரி தீர்ந்து புராசஸைக் கொன்னுடும், "கில்டு"ன்னு ஒரே வார்த்தைதான் திரையில வரும்.

ரெண்டாவது, பகிர்ந்த ஃபோல்டர். வர்ச்சுவல்பாக்ஸ் பகிர்வுல, கோப்பு மாறினதைச் சொல்ற ஐநோட்டிஃபை நிகழ்வுகள் உள்ள போகாது. விண்டோஸ்ல கோப்பை மாத்திச் சேமிச்சா உள்ள இருக்கற வீட் கருவிக்குத் தெரியவே தெரியாது, பக்கம் புதுசாகாது. வீட் அமைப்புல வாட்ச் பகுதிக்குப் போய் போலிங்கை (கோப்புகளைத் திரும்பத் திரும்ப எட்டிப் பாக்கறது) இயக்கணும், அப்புறம் சிபியு சூடாகும். என்பிஎம் இன்ஸ்டால் சிம்லிங்க் போட முயன்று விண்டோஸ்ல பிழையோட நிக்கும், "நோ பின் லிங்க்ஸ்"னு சேர்த்து ஓட்டணும். அந்த ஃபோல்டர்ல இருந்து என்ஜின்எக்ஸ் ஸ்டேட்டிக் கோப்பு கொடுத்தா பழைய சிஎஸ்எஸ்ஸே வந்துட்டிருக்கும், சென்ட்ஃபைலை ஆஃப் பண்ற வரைக்கும். கோப்பு அனுமதியை மாத்தற சிஎச்மோடும் வேலை செய்யாது.

மூணாவது மேக். எம்2 இன்டெல் இல்ல, ஆர்ம் வகை சிபியு; அதுல ஆர்ம் விஎம் மட்டும்தான் ஓடும், வர்ச்சுவல்பாக்ஸ் அதையே 7.1-லதான் முறையா ஆதரிக்க ஆரம்பிச்சது. ஆறு பேருக்கும் ஒரே விஎம்ங்கற வாதம் அங்கேயே உடையுது: அஞ்சு பேர் இன்டெல் பெட்டி, ஒருத்தர் ஆர்ம் பெட்டி.

டாக்கர் கம்போஸ் போங்க. போஸ்ட்கிரெஸ் 16, ரெடிஸ் 7, பைத்தான் 3.12 ஸ்லிம், நோடு இமேஜ் எல்லாம் ரெண்டு கட்டமைப்புக்கும் வருது, எந்தக் கணினியோ அதுக்கேத்ததை அதுவே இறக்கிக்கும்.

வடகரை

போலிங் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஜாங்கோவுக்குப் பொருந்தாது; ரன்சர்வரின் இயல்பான ரீலோடர் வினாடிக்கு ஒரு முறை கோப்பு நேரத்தைத் தானே பார்க்கிறது, ஐநோட்டிஃபை கேட்பதில்லை. சிக்கல் வீட் கருவிக்கு மட்டும். அதை விஎம்முக்குள் ஓட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை, வெளியே ஓட்டலாம். வீஎன்வையும் பகிர்ந்த ஃபோல்டரில் வைக்கக் கூடாது, விஎம்மின் ஹோம் ஃபோல்டரில் வையுங்கள்.

ஆர்ம் வாதமும் இருபக்கம் வெட்டும். உங்கள் டாக்கர் இமேஜும் மேக்கில் ஆர்ம்தான், சர்வரில் இன்டெல்தான். "எல்லாருக்கும் ஒன்றே" என்பது அங்கும் உடைகிறது. இன்டெல் இமேஜைக் கட்டாயப்படுத்தினால் எமுலேஷனில் ஓடி, பிப் இன்ஸ்டாலே நகராது.

இன்னொன்று. விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் என்பதே ஒரு லினக்ஸ் விஎம்தான். விஎம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு விஎம்மைக் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டுகிறீர்கள்.

எறும்பு

ரெண்டு பேரும் கொசுவுக்குப் பீரங்கி கொண்டுவருகிறீர்கள்.

பைத்தானுக்கு வீஎன்வ் 3.3 முதலே கூடவே வருகிறது. குறியீட்டை அதில் ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் இரண்டை மட்டும் கம்போஸில் வையுங்கள். டீபகர், எடிட்டரின் தானியங்கு நிரப்பல், டெஸ்ட் ஓட்டுதல் எல்லாம் எந்த இடைத்தரகரும் இல்லாமல் வேலை செய்யும். பைத்தானைக் கன்டெய்னருக்குள் வைத்தால் எடிட்டருக்கு அந்த நூலகங்கள் தெரியாது; அதற்கு டெவ் கன்டெய்னர் என்று இன்னொரு அடுக்கு.

பதிப்புப் பூட்டுக்கு யூவி என்ற பைத்தான் பொதி மேலாளர். "யூவி சிங்க்" என்றால் பூட்டுக் கோப்பில் உள்ள அதே பதிப்புகள், பைத்தான் 3.12 இல்லையென்றால் அதையும் இறக்கிக்கொள்ளும்.

நீலவானம்

எறும்பு ப்ரோ, விண்டோஸ்ல செலரியை எப்படி ஓட்டுவீங்க? 4.0-ல இருந்து விண்டோஸ் ஆதரவே கிடையாது. இயல்பான ப்ரீஃபோர்க் பூல் (பல புராசஸைக் கிளப்பி வேலையைப் பிரிக்கறது) அங்க டாஸ்க்கை வாங்கிட்டு பிழையோட நிக்கும். சோலோ பூல் வெச்சா ஒரு நேரத்துல ஒரு வேலைதான், ஒரே நேரத்துல ரெண்டு வேலை மோதற பிழைகள் எதுவும் அதுல வெளிய வராது. குனிகார்ன் விண்டோஸ்ல இறக்குமதி ஆகும்போதே எஃப்சிஎன்டிஎல் மாட்யூல் இல்லைன்னு விழும்.

எறும்பு

நேரடி விண்டோஸில் ஓட்டச் சொல்லவில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-க்குள் உபுண்டு 24.04. மூன்று விண்டோஸ்காரர்களும் அதில் வந்துவிட்டால் ஆறில் ஐந்து பேர் சர்வரின் அதே உபுண்டுவில் இருப்பார்கள். வடகரை ஐயா கேட்டதும் அதுதானே? சிஸ்டம்டியும் அதில் ஓடும்.

ஒரே ஒரு கட்டாய விதி: ரெப்போ சி டிரைவில் இருக்கக் கூடாது. லினக்ஸ் ஹோம் ஃபோல்டரில் குளோன் செய்யுங்கள். சி டிரைவை லினக்ஸுக்குள்ளிருந்து தொடும்போது ஒவ்வொரு கோப்பும் 9பி நெறிமுறை வழியாகப் போய் வரும். பல்லாயிரம் சிறு கோப்புகள் உள்ள நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரில் அது ஆமை வேகம். ஐநோட்டிஃபையும் அங்கு வேலை செய்யாது, நீலவானம் வர்ச்சுவல்பாக்ஸ் மேல் சொன்ன அதே குறை. "டபிள்யூஎஸ்எல் மெதுவாக இருக்கிறது" என்று புகார் வந்தால் முதலில் ரெப்போ எங்கே என்று பாருங்கள்.

8 ஜிபி கணினிகளுக்கு: டபிள்யூஎஸ்எல்2 இயல்பாக மொத்த ரேமில் பாதி வரை எடுக்கும். பயனர் ஃபோல்டரில் டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற கோப்பில் மெமரி 3 ஜிபி, ஸ்வாப் 2 ஜிபி என்று எழுதி "டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன்" கொடுத்துத் திரும்ப ஏற்றுங்கள். ஷட்டவுன் கொடுக்காமல் டெர்மினலை மூடித் திறந்தால் மாற்றம் ஏறாது.

தாழம்பூ27

எறும்பு, நன்றி. உபுண்டு 24.04-இல் பிப் இன்ஸ்டால் கொடுத்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று மறுக்கிறது. "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" சேர்த்து ஓட்டச் சொல்லி ஒரு பதில் பார்த்தேன். செய்யலாமா?

எறும்பு

செய்யாதீர்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. உபுண்டுவின் சில சொந்தக் கருவிகள் அதே பைத்தானை நம்பி ஓடுகின்றன, அதனால்தான் பூட்டியிருக்கிறார்கள். வீஎன்வை உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, பிறகு பிப். உருவாக்கும்போதே "என்ஷூர்பிப் இல்லை" என்று வந்தால் பைத்தான்3-வீஎன்வ் பொதி நிறுவப்படவில்லை.

வீஎன்வ் ஃபோல்டரை நகர்த்தவோ பெயர் மாற்றவோ கூடாது. உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டுகளில் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். நகர்த்தினால் "பிப்" என்று அடித்தால் பழைய இடத்தைத் தேடும். அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவது ஒரு நிமிட வேலை. கிட்டில் ஏற்றவும் கூடாது.

நீலவானம்

சரி, டபிள்யூஎஸ்எல்2-ஐ ஒத்துக்கறேன். ஆனா மேக்? அங்க ஹோம்ப்ரூ கொடுக்கற நூலகம் வேற, உபுண்டு கொடுக்கறது வேற. பிடிஎஃப் உருவாக்க வீசிபிரிண்ட் சேர்த்தீங்கன்னா பேங்கோ வேணும், மேக்ல அதோட பாதையைக் கண்டுபிடிக்காம "கேனாட் லோடு லைப்ரரி"ன்னு நிக்கும். சைக்கோபிஜி2-ஐ மூலத்துல இருந்து கட்டினா பிஜி-கான்ஃபிக் எங்கேன்னு கேக்கும். டாக்கர்ஃபைல்ல ஏப்ட் வரி ஒண்ணு எழுதினா ஆறு பேருக்கும் தீர்ந்தது.

இன்னொண்ணு, மேக்கோட கோப்பமைப்பு இயல்பா எழுத்துப் பெரிசு சிறுசு பாக்காது. ரியாக்ட் குறியீட்டோட இம்போர்ட்ல பெரிய எழுத்து தப்பா போட்டாலும் மேக்ல ஓடும், சர்வர்ல விழும்.

எறும்பு

அந்த எழுத்துப் பிழை கன்டெய்னருக்குள் போனாலும் தப்பிக்கும், ஏனென்றால் மேக்கின் ஃபோல்டரைத்தானே உள்ளே மவுண்ட் செய்கிறீர்கள்? அதைப் பிடிக்கிற இடம் சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு). சைக்கோபிஜிக்கு பைனரி பதிப்பு இருக்கிறது, மேம்பாட்டுக்குப் போதும். வீசிபிரிண்ட் பற்றிச் சொன்னது நியாயம், ஆனால் அது அவர்கள் பட்டியலில் இல்லை.

அலைவரிசை

இவ்வளவு நேரமாக எல்லாரும் பைத்தானைப் பற்றியே பேசுகிறீர்கள். சூழல் வேறுபாட்டால் வருகிற, லேசில் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. தமிழில் தரவு வைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு மடங்கு.

பெயர்களை அகரவரிசையில் அடுக்கச் சொல்கிறீர்கள். "வயல்", "வனம்" என்று இரண்டு சொற்கள். தமிழ் வரிசையில் ன கடைசி மெய். எனவே வயல் முன்னால், வனம் பின்னால். யூனிகோடு குறியீட்டெண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே இருப்பதால் வனம் முன்னால் வந்துவிடும். எந்த வரிசை கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஜாங்கோ அல்ல, போஸ்ட்கிரெஸ் எந்த சி நூலகத்தின் மேல் ஓடுகிறது என்பதுதான். மேக்கில் நேரடியாக நிறுவிய போஸ்ட்கிரெஸ் இயங்குதளத்தின் வரிசையை நம்பினால் வெறும் பைட் வரிசை. ஆல்பைன் (மிகச் சிறிய லினக்ஸ்) இமேஜில் மஸ்ல் நூலகம், அதிலும் பைட் வரிசைதான். டெபியன் இமேஜிலும் உபுண்டுவிலும் ஜிலிப்சி, அதன் வரிசைப் பட்டியல் வேறு. ஒரே குறியீடு, மூன்று கணினியில் இரண்டு விதமான பட்டியல். டெஸ்ட் ஒருவருக்குப் பச்சை, இன்னொருவருக்குச் சிவப்பு.

செய்ய வேண்டியது: வரிசையை வெளிப்படையாகக் கேளுங்கள். சி நூலகத்தை நம்பாமல் வரிசை தரும் ஐசியு நூலகத்துக்கு போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஆதரவு உண்டு. டிஏ-எக்ஸ்-ஐசியு என்பது தமிழ் வரிசை. ஜாங்கோவில் சார்ஃபீல்டுக்கு டிபி-கொலேஷன் என்ற அளபுருவில் அதைக் கொடுக்கலாம், 3.2 முதல் இருக்கிறது. கூடவே ஆல்பைனைத் தவிருங்கள். சில பத்து எம்பி மிச்சம் பிடிக்க அது தகாது.

கோப்புப் பெயர்களிலும் ஒரு கண்ணி உண்டு. "கோவில்" என்ற பெயரில் படம் ஏற்றினால் கோ-வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் கோப்பமைப்பு இரண்டையும் ஒன்றாகவே கருதும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பைட்டுகள், வேறு வேறு கோப்புகள். மேக்கில் திறக்கிற படம் சர்வரில் 404. ஏற்றும்போதே பெயரை என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஆகவே பைத்தான் எங்கு ஓடினாலும் சரி, போஸ்ட்கிரெஸ் ஆறு பேருக்கும் ஒரே இமேஜில் ஓட வேண்டும். எஸ்க்யூலைட் போதும் என்று யாராவது சொல்வதற்கு முன்: அது சார்ஃபீல்டின் நீள வரம்பைச் செயல்படுத்தாது. 100 எழுத்து வரம்பில் 140 எழுத்தை வாங்கிக்கொள்ளும், சர்வரில் முதல் நாளே விழும்.

வடகரை

அலைவரிசை சொன்னது என் கட்சிக்குத்தான் வலு. சர்வரில் உபுண்டு 24.04-இன் ஏப்ட் போஸ்ட்கிரெஸ். டாக்கரில் டெபியன். ஜிலிப்சி பதிப்பு வேறு. 2.28-இல் வரிசைப் பட்டியல் மாறியபோது பழைய உரைக் குறியீட்டுப் பட்டியல்கள் (இன்டெக்ஸ்) எல்லாம் பிழையானது நினைவிருக்கும்.

அலைவரிசை

நினைவிருக்கிறது, அதனால்தான் ஐசியு என்றேன். மேம்பாட்டுத் தரவுக்கு ஜிலிப்சி வேறுபாடு பெரிய ஆபத்தில்லை. ஒரே தரவு ஃபோல்டரை இரண்டு வேறு ஜிலிப்சிக்கு நடுவே நகர்த்தும்போதுதான் குறியீட்டுப் பட்டியல் கெடும். இமேஜின் டெபியன் பதிப்பு மாறினால் "கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்" எச்சரிக்கை வரும், ரீஇன்டெக்ஸ் செய்துவிட்டு, பிறகு கொலேஷன் பதிப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். அதைத் தவிர்க்க இமேஜ் பெயரில் 16 என்று மட்டும் எழுதாமல் "16-புக்வார்ம்" என்று டெபியன் பெயரையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

தாழம்பூ27

கம்போஸ் கோப்பு எழுதிப் பார்த்தேன். முதலில் எல்லாவற்றையும், பைத்தானையும் சேர்த்து. விண்டோஸில் "என்ட்ரிபாயின்ட் டாட் எஸ்எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது. கோப்பு அங்கேயே இருக்கிறது, எல்எஸ் கொடுத்தால் தெரிகிறது. அடுத்து, ஜாங்கோ ஏறும்போது சில நேரம் "கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு", சில நேரம் சரியாக ஓடுகிறது.

நீலவானம்

முதல் பிழை வரி முடிவு. விண்டோஸ் கிட் அந்தக் கோப்பை சிஆர்எல்எஃப் (விண்டோஸ் பாணி வரி முடிவு) ஆக்கியிருக்கு. லினக்ஸ் முதல் வரியைப் படிக்கும்போது பாஷ் பேருக்குப் பின்னாடி ஒரு கண்ணுக்குத் தெரியாத சிஆர் ஒட்டியிருக்கு, அந்தப் பேர்ல நிரல் இல்லைங்கறதைத்தான் "கோப்பு இல்லை"ன்னு சொல்லுது. ரெப்போவோட வேர்ல டாட் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பு வெச்சு, எஸ்எச்ல முடியற எல்லாக் கோப்புக்கும் "டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்"னு எழுதுங்க. அப்புறம் "கிட் ஆட்" கட்டளையை ரீநார்மலைஸ் சேர்த்து ஓட்டி கமிட் பண்ணுங்க. ஏற்கெனவே குளோன் பண்ணினவங்க அந்தக் கோப்பை அழிச்சிட்டுத் திரும்ப செக்அவுட் பண்ணணும், இல்லேன்னா பழைய சிஆர் அப்படியே நிக்கும். ஆளாளுக்கு ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை மாத்தச் சொல்லாதீங்க, ஆறாவது ஆள் மறந்துடுவார்.

ரெண்டாவது, "டிபெண்ட்ஸ் ஆன்"ல சும்மா சர்வீஸ் பேர் மட்டும் போட்டா கன்டெய்னர் கிளம்பற வரைக்கும்தான் காத்திருக்கும், போஸ்ட்கிரெஸ் தயாராகற வரைக்கும் இல்ல. முதல் தடவை அது தரவு ஃபோல்டரை உருவாக்க சில வினாடி எடுக்கும், அதுக்குள்ள ஜாங்கோ கதவைத் தட்டிடும். போஸ்ட்கிரெஸ் சர்வீஸ்ல ஹெல்த்செக் வெச்சு "பிஜி-இஸ்ரெடி" கட்டளையை 5 வினாடிக்கு ஒரு தடவை, 10 முயற்சின்னு கொடுங்க. ஜாங்கோ பக்கம் "கண்டிஷன்: சர்வீஸ் ஹெல்தி". என்ட்ரிபாயின்ட்ல ஸ்லீப் 10 போடறது தீர்வு இல்ல, மெதுவான கணினில 11 வினாடி ஆகும்.

பைத்தான் கன்டெய்னருக்குள்ள இருக்கும்போது ஹோஸ்ட் பேர் லோக்கல்ஹோஸ்ட் இல்ல, கம்போஸ்ல நீங்க வெச்ச சர்வீஸ் பேர், அதாவது "டிபி". இதையும் ஒருத்தர் கேப்பாங்க.

வடகரை

டாக்கரின் மற்ற கணக்குகளையும் சொல்லிவிடுகிறேன், நீலவானம் தானாகச் சொல்லமாட்டார்.

உபுண்டுவில் கன்டெய்னருக்குள் "மேக்மைக்ரேஷன்ஸ்" ஓட்டினால் உருவாகும் கோப்புகள் ரூட் பெயரில் இருக்கும். எடிட்டரில் சேமிக்க முடியாது, கிட்டில் கிளை மாற்றும்போது அனுமதி மறுக்கப்படும். கம்போஸில் யூசர் என்ற வரியில் 1000:1000 கொடுக்க வேண்டும்.

5432:5432 என்று போர்ட் எழுதினால் அது 0.0.0.0-இல் திறக்கிறது. உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூ தடுக்கும் என்று நினைக்காதீர்கள். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளை யூஎஃப்டபிள்யூ பார்க்கும் முன்பே நுழைத்துவிடுகிறது. பொது வைஃபையில் அமர்ந்தால் "போஸ்ட்கிரெஸ்" என்ற கடவுச்சொல்லோடு உங்கள் தரவுத்தளம் அந்த வலைப்பின்னல் முழுவதற்கும் திறந்திருக்கும்.

டாக்கர் டெஸ்க்டாப் இலவசம் என்பதும் நிபந்தனைக்கு உட்பட்டது. 2021 ஆகஸ்டில் மாற்றிய விதிப்படி 250 பேருக்கு மேல் ஊழியர்களோ, ஆண்டு வருவாய் 1 கோடி டாலருக்கு மேலோ உள்ள நிறுவனம் கட்டணம் கட்ட வேண்டும். ஆறு பேர் கொண்ட குழு என்பது முக்கியமில்லை, நிறுவனத்தின் மொத்தக் கணக்குதான்.

நீலவானம்

மூணும் உண்மை, மறைக்கல. போர்ட்டை 127.0.0.1:5432:5432ன்னு எழுதினா ரெண்டாவது தீர்ந்தது, இதை ஒரு கட்டாய விதியாவே வைங்க. உரிமத்துக்கு: டபிள்யூஎஸ்எல்2 உபுண்டுக்குள்ள நேரா டாக்கர் எஞ்சின் நிறுவலாம், அது திறந்த மூலம், டெஸ்க்டாப் தேவையே இல்ல. உரிமம்னு பேசினா, வேக்ரண்டும் 2023 ஆகஸ்ட்ல எம்ஐடி உரிமத்துல இருந்து பிஸினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாறிடுச்சு சார்.

வடகரை

அந்த உரிமம் வேக்ரண்டோடு போட்டியிடும் பொருள் விற்பவரைத்தான் தடுக்கிறது, பயன்படுத்துபவரை அல்ல. ஆனால் சரி, அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

அலைவரிசை

போஸ்ட்கிரெஸ் வால்யூம் பற்றி, இல்லையென்றால் அடுத்த வாரம் இதே இழையில் வந்து நிற்பீர்கள்.

தரவுக்குப் பெயரிட்ட வால்யூம் (டாக்கர் தானே நிர்வகிக்கும் சேமிப்பிடம்) மட்டும். விண்டோஸ் ஃபோல்டரை நேராக மவுண்ட் செய்தால் "டேட்டா டைரக்டரி ஹேஸ் இன்வேலிட் பர்மிஷன்ஸ்" என்று போஸ்ட்கிரெஸ் எழ மறுக்கும், ஏனென்றால் அங்கு 0700 அனுமதி வைக்க முடியாது. வர்ச்சுவல்பாக்ஸ் பகிர்விலும் இதே கதை.

டாட் என்வ் கோப்பில் போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு "பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அந்த மாறி தரவு ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் ஏற்றத்தில் மட்டுமே படிக்கப்படும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் உள்ளே போய் "ஆல்டர் யூசர்" கொடுக்க வேண்டும்.

16-லிருந்து 17-க்கு இமேஜ் எண்ணை மட்டும் மாற்றினால் "டேட்டாபேஸ் ஃபைல்ஸ் ஆர் இன்கம்பேட்டிபிள்". பிஜி-டம்ப் எடுத்து, புது வால்யூமில் மீட்க வேண்டும். 18-இல் மவுண்ட் செய்ய வேண்டிய இடமே ஒரு படி மேலே போயிருக்கிறது: கடைசியில் இருந்த "டேட்டா" இல்லாமல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டர் வரைதான். பழைய கம்போஸ் கோப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

தாழம்பூ27

எல்லாவற்றையும் வைத்து இப்படி எழுதிப் பார்க்கிறேன், எங்கு தவறு என்று சொல்லுங்கள்.

விண்டோஸ் மூன்றிலும் டபிள்யூஎஸ்எல்2 உபுண்டு 24.04, அதற்குள் டாக்கர் எஞ்சின், ரெப்போ லினக்ஸ் ஹோமில். கம்போஸில் போஸ்ட்கிரெஸ் 16-புக்வார்ம், ரெடிஸ் 7 மட்டும், இரண்டும் 127.0.0.1-இல், ஹெல்த்செக்கோடு. ஜாங்கோ, செலரி, வீட் மூன்றும் கன்டெய்னருக்கு வெளியே. பைத்தானுக்கு யூவி பூட்டுக் கோப்பு, நோடுக்கு "என்பிஎம் சிஐ". மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப், மற்றதெல்லாம் அதேபோல.

எறும்பு

இரண்டு திருத்தம். "கம்போஸ் அப்" கட்டளையோடு "வெயிட்" சேருங்கள். ஜாங்கோ வெளியே இருப்பதால் "டிபெண்ட்ஸ் ஆன்" உங்களுக்கு உதவாது; வெயிட் போட்டால் ஹெல்த்செக் தேறும் வரை கட்டளை திரும்பாது, அதன் பிறகு மைக்ரேட் ஓட்டலாம். இந்த வரிசையை ஒரு மேக்ஃபைலில் (make கருவியின் கட்டளைக் கோப்பு, மேக் கணினி அல்ல) எழுதிவிடுங்கள். புதியவர் அடிக்க வேண்டியது "மேக் அப்" ஒன்றுதான்.

8 ஜிபி கணினியில் செலரியை கன்கரன்சி 1 என்று ஓட்டுங்கள். இயல்பாக சிபியு எண்ணிக்கைக்கு ஒரு புராசஸ் எழுப்பும். 8 கோர் என்றால் 8 முறை ஜாங்கோ ரேமில் ஏறும். எண்ணிக்கையைக் குறைத்தாலும் ப்ரீஃபோர்க் பூல்தான், சோலோ இல்லை.

நீலவானம்

என் ஓட்டு முழு கம்போஸுக்குத்தான், ஆனா இந்த 8 ஜிபி கணினிகளுக்கு இது தேவலை. டாக்கர்ஃபைலையும் எழுதி வைங்க, சிஐ அதுல ஓடட்டும். அப்போ நூலக வேறுபாடு புல் ரிக்வெஸ்ட்லயே தெரியும். அதுல பூட்டுக் கோப்பை முதல்ல காப்பி பண்ணி, நூலகங்களை நிறுவி, அப்புறம் குறியீட்டைக் காப்பி பண்ணுங்க. வரிசை மாறினா ஒரு எழுத்து திருத்தினாலும் எல்லா நூலகமும் மறுபடி இறங்கும். டாட் டாக்கர்இக்னோர்ல கிட் ஃபோல்டர், நோடு மாட்யூல்ஸ், டாட் என்வ், வீஎன்வ் நாலும் இருக்கணும்.

வடகரை

நான் இன்னும் ஒப்பவில்லை. இந்த அமைப்பில் என்ஜின்எக்ஸ், குனிகார்ன் சாக்கெட், சிஸ்டம்டி யூனிட், கலெக்ட்ஸ்டேட்டிக் அனுமதிகள் ஆகிய நான்கும் எந்த மடிக்கணினியிலும் ஒரு முறைகூட ஓடாது. முதல் முறை ஓடும் இடம் சர்வர். 502 பிழை வருவதும் அங்கேதான்: என்ஜின்எக்ஸ் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனராக, சாக்கெட் இருப்பது வேறு பயனரின் ஹோம் ஃபோல்டரில். உபுண்டுவில் 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750, உள்ளே நுழையவே முடியாது.

தினசரி வேலைக்கு உங்கள் வழியே இருக்கட்டும். ஆனால் ரெப்போவில் ஒரு வேக்ரண்ட்ஃபைலும் வையுங்கள். 16 ஜிபி உள்ள யாராவது ஒருவர், ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும், சர்வருக்கு ஓட்டும் அதே நிறுவல் ஸ்கிரிப்டை வெறும் விஎம்மில் ஓட்டிப் பார்க்கட்டும். "டிஸ்ட்ராய்" கொடுத்து "அப்" கொடுக்க வேண்டும், பழைய விஎம்மில் அல்ல. ஸ்கிரிப்டின் முதல் வரி பிழை வந்தால் நிற்கும்படி "செட் ஹைஃபன் ஈ". இல்லையென்றால் பாதியில் விழுந்தும் கடைசி வரை ஓடி, வெற்றி போலக் காட்டும்.

தாழம்பூ27

ஏற்கிறேன் ஐயா. உபுண்டு மடிக்கணினிகளில் ஒன்றில் 16 ஜிபி இருக்கிறது, அதில் செய்கிறோம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். சோதனைத் தரவு குழம்பிவிட்டால் தரவுத்தளத்தை மட்டும் வெறுமையாக்க மேக்ஃபைலில் "கம்போஸ் டவுன் ஹைஃபன் வி" என்று எழுதலாமா?

அலைவரிசை

வேண்டாம். அது அந்தக் கம்போஸ் கோப்பில் உள்ள எல்லாப் பெயரிட்ட வால்யூமையும் கேட்காமல் அழிக்கும், ரெடிஸுடையதையும் சேர்த்து. "டிராப்டிபி", "கிரியேட்டிபி", பிறகு மைக்ரேட், பிறகு விதைத் தரவு என்று எழுதுங்கள். ரன்சர்வரோ செலரியோ இணைந்திருந்தால் டிராப்டிபி மறுக்கும். "ஃபோர்ஸ்" சேர்த்தால் அந்த இணைப்புகளைத் துண்டித்துவிட்டு அழிக்கும், போஸ்ட்கிரெஸ் 13 முதல் உண்டு. மேக்ஃபைலில் அந்த இலக்குக்கு "ரீசெட்-டிபி" என்று முழுப் பெயர் வையுங்கள். "கிளீன்" என்று வைத்தால் பில்ட் கோப்புகளைத் துடைக்கத்தான் என்று நினைத்து யாராவது அடிப்பார்கள்.